கல்யாண நகை விசாவாக மாறும்போது

குழித்துறை கோர்ட்டில் குடும்ப வழக்கு நடத்துகிற எந்த வக்கீலின் கட்டைப் பிரித்தாலும் உள்ளே எங்காவது ஒரு விசா நகல், பாஸ்போர்ட் ஜெராக்ஸ், இல்லையென்றால் ஏஜென்ட் பேனாவால் தொகை எழுதிக்கொடுத்த ஒரு துண்டுச் சீட்டு கிடைக்கும். மார்த்தாண்டம், களியக்காவிளை, கொல்லங்கோடு, அப்படியே கடற்கரையில் தூத்தூர், வள்ளவிளை வரைக்கும் கல்ஃபுக்கு ஆள் போகாத தெருவைக் காட்டுவது கஷ்டம். நான் தொழிலுக்கு வந்த புதிதில் என் சீனியரிடம் இருந்ததெல்லாம் சொத்து வழக்குதான். ரப்பர் தோட்டத்து எல்லைத் தகராறு, வழிப்பாதை, பாகப்பிரிவினை. ஜீவனாம்சம் கேட்டு வரும் பெண்களை ஜூனியரான என் பக்கம் தள்ளிவிடுவார், அதில் பீஸ் கிடைக்காது என்பதால். அந்தப் பெண்களின் கணவர்கள் பெரும்பாலும் ஷார்ஜாவிலோ தம்மாமிலோ இருந்தார்கள். சம்மனை எங்கே அனுப்புவது, சம்பளத்தை எப்படி நிரூபிப்பது, பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்க அப்பாவின் கையெழுத்துக்கு யாரிடம் போவது என்று தேடப்போய்த்தான் 1983-ம் ஆண்டின் எமிகிரேஷன் சட்டத்தையும் 1967-ம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டத்தையும் வரிவரியாகப் படிக்க நேர்ந்தது. இன்று பார் அசோசியேஷனில் என்னைக் கேட்டால் "அந்த கல்ஃப் கேஸ் மேடமா?" என்பார்கள்.

முதலிலேயே ஒன்று. வக்கீல்கள் விளம்பரம் செய்ய பார் கவுன்சில் விதி 36 இடம் தராது. அதனால் என் பெயரையும் போன் நம்பரையும் இதில் தேட வேண்டாம். வழக்கு விவரங்களையும் ஆள் அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றித்தான் சொல்கிறேன்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: நம் ஊரில் கல்யாணமும் விசாவும் ஒரே கட்டு. பெண் வீட்டுக்காரர்கள் போடுகிற நகை ஆறு மாதத்துக்குள் அடகுக்கடைக்குப் போகிறது, அந்தப் பணம் ஏஜென்டிடம் போகிறது, அதில் வந்த விசாவில் மாப்பிள்ளை பிளேன் ஏறுகிறார். அப்புறம் குடும்பத்தில் பிரச்சினை வந்தால் ஒரு வக்கீலிடம் "டைவர்ஸ் கேஸ்" என்றும், ஏஜென்ட் ஏமாற்றினால் போலீஸ் ஸ்டேஷனில் "பண மோசடி" என்றும் தனித்தனியாக ஓடுகிறோம். ஒன்றில் இருக்கிற ஆதாரம் இன்னொன்றுக்குத் தேவைப்படும் என்று யாரும் யோசிப்பதில்லை.

ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். மகளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், மடியில் கைக்குழந்தை. துணிக்கடை பிளாஸ்டிக் கவரில் கல்யாண ஆல்பம், அழைப்பிதழ், மாப்பிள்ளை அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் உள்ள போன். கணவர் மஸ்கட் போய் இரண்டாம் வருஷம் முதல் பணமும் இல்லை, போனும் இல்லை. நகையைப் பற்றிக் கேட்டேன். எல்லாம் மாமனார் வாங்கிக்கொண்டு போய் வைத்தார் என்றார்கள். "அடகுச் சீட்டு இருக்கா?" என்று கேட்டதற்கு அந்த அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "சீட்டு எதுக்கு மேடம், உருப்படியே ஏலத்துல போயாச்சு!"

"அதுக்குத்தான் அம்மா கேக்கேன். போயி வீட்டுல தேடிப் பாருங்க."

மூன்றாம் நாள் மகள் மட்டும் வந்தாள். பைபிளுக்குள் மடித்து வைத்திருந்ததாம். வட்டி கட்டாததால் ஏல நோட்டீஸ் இந்த வீட்டு விலாசத்துக்கு வந்திருக்கிறது, அதோடு சீட்டின் நகலும். அதில் என்னென்ன இருந்தது என்று பாருங்கள்: தேதி, மாமனாரின் பெயரும் கையெழுத்தும், நெக்லஸ் ஒன்று, வளையல் ஆறு, ஆரம் ஒன்று என்று உருப்படி வாரியாக எடை, கொடுத்த தொகை. கல்யாண ஆல்பத்தைத் திறந்து அதே ஆரத்தையும் அதே வளையலையும் காட்டினால் போதும். "நகை எதுவும் நாங்கள் வாங்கவில்லை, அவள் அம்மா வீட்டில்தான் இருக்கிறது" என்று எதிர்மனுவில் எழுத முடியாமல் போய்விட்டது. கடன் கொடுத்த நிறுவனத்தின் பதிவேட்டையும் வரவழைக்கச் சொல்லி மனுப் போட்டோம். 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் 19-ம் பிரிவின் 8-ம் உட்பிரிவு, பெண்ணின் சீதனப் பொருளைத் திருப்பிக்கொடுக்க மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம் என்கிறது. உத்தரவு வரைக்கும் போகாமலேயே மாமனார் தவணையில் கட்டுகிறேன் என்று ஒத்துக்கொண்டார். மருமகள் நகையை வாங்கி மகன் விசாவுக்குக் கட்டியது தனக்கு உறுத்தவே இல்லை என்றும், "எல்லா வீட்டிலும் நடக்கிறதுதானே" என்றும் சமரச அறையில் சொன்னார். பொய்யும் சொல்லவில்லை அவர்.

இதை முன்னாலேயே தடுக்க 1985-ல் வந்த ஒரு விதி இருக்கிறது. வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ், கல்யாணத்தில் மணமகளுக்கும் மணமகனுக்கும் வந்த பரிசுகளைப் பட்டியல் போட்டு இருவரும் கையெழுத்திட்டு வைத்திருக்க வேண்டும் என்கிற விதி. இந்தப் பக்கம் யாரும் பட்டியல் போட்டு நான் பார்த்ததில்லை. "பட்டியல் போட்டால் சம்மந்தக்காரர் என்ன நினைப்பாங்க" என்பார்கள். சரி, பட்டியல் வேண்டாம், நகைக்கடை பில்லைப் பெண்ணின் பெயரில் போடச் சொல்லுங்கள், ஒவ்வொரு உருப்படியையும் தனித்தனியாக போட்டோ எடுத்துப் பெண்ணின் அம்மா போனிலும் வையுங்கள். அடகு வைத்தே ஆக வேண்டும் என்றால் பெண்ணின் பெயரிலேயே வையுங்கள், பணத்தை ரொக்கமாக எடுக்காமல் பேங்க் வழியாக அனுப்புங்கள்.

பணம் பேங்க் வழியாகப் போக வேண்டும் என்பதற்கு ஏஜென்ட் பக்கத்திலும் காரணம் உண்டு. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுள்ளவர்களின் பட்டியல் இமைக்ரேட் இணையதளத்தில் இருக்கிறது, பத்து நிமிஷ வேலை. வேலைக்குப் போகிறவரிடம் அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதோடு ஜிஎஸ்டி. ரசீதும் கொடுக்க வேண்டும். களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில் நின்று இந்தத் தொகையைச் சொன்னால் சிரிப்பார்கள். லட்சக் கணக்கில் கொடுத்துவிட்டு வருகிறவர்களைத்தான் நான் பார்க்கிறேன். அதுவும் நேரடியாக ஏஜென்டிடம் கொடுப்பதில்லை. "நம்ம ஆளு" என்று ஒருத்தர் நடுவில் இருப்பார், பெரும்பாலும் சொந்தக்காரர், சில சமயம் கல்யாணத் தரகரே விசாத் தரகராகவும் இருப்பார். "பேப்பர் எல்லாம் நாங்க பாத்துக்கிடலாம்" என்பது அவருடைய வசனம். பதிவில்லாமல் ஆள் எடுத்தால் 1983 சட்டத்தின் 24-ம் பிரிவில் 2 ஆண்டு வரை சிறை, அபராதம் 2,000 ரூபாய் வரை. எழுத்துப்பிழை இல்லை, இரண்டாயிரம்தான். ஒரு குடும்பத்தின் நகையெல்லாம் போன வழக்கில் இந்தத் தொகையைப் படிக்கும்போது கோர்ட்டில் எனக்கே கூச்சமாக இருக்கும். அதனால் மோசடிப் பிரிவையும் சேர்த்துத்தான் புகார் எழுதுகிறோம், அங்கே பேங்க் டிரான்ஸ்ஃபர் இருந்தால் வழக்கு நிற்கும், ரொக்கம் என்றால் சாட்சி தேட வேண்டும். அந்தச் சாட்சி உங்கள் மச்சினனாகவே இருப்பான், கூண்டில் ஏறமாட்டான்.

இசிஆர் (எமிகிரேஷன் செக் ரிக்வயர்டு) விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக இசிஆர் என்று பதிவாகும். அவர்கள் சவுதி, யுஏஇ, குவைத், ஓமன், கத்தார், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக எமிகிரேஷன் கிளியரன்ஸ், அதாவது மத்திய அரசின் அனுமதி, வாங்க வேண்டும். அலைச்சல்தான், ஆனால் அந்தக் கிளியரன்ஸ் வாங்கும்போது வேலை ஒப்பந்தம் அரசுப் பதிவுக்குள் வந்துவிடுகிறது, முதலாளி யார், சம்பளம் எவ்வளவு என்று எழுத்தில் இருக்கும். பிரவாசி பாரதிய பீமா திட்டத்தில் காப்பீடும் எடுத்தாக வேண்டும். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய், விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம். ஏஜென்ட் செய்வது என்ன? விசிட் விசாவில் அனுப்பிவிடுகிறார். விசிட் விசாவுக்குக் கிளியரன்ஸ் தேவையில்லை, திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் "அக்காவைப் பார்க்கப் போறேன்" என்று சொல்லச் சொல்லிக்கொடுப்பார். அதோடு ஒப்பந்தமும் போச்சு, காப்பீடும் போச்சு, வேலை செய்ததற்கு எழுத்தும் போச்சு.

வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் இதில்தான் அதிகம் மாட்டுகிறார்கள். இசிஆர் பாஸ்போர்ட்டில் 30 வயதுக்குக் குறைந்த பெண்ணுக்கு அந்த நாடுகளில் வேலை செய்யக் கிளியரன்ஸ் தரமாட்டார்கள். பாதுகாப்புக்காக வைத்த விதி, நடைமுறையில் பெண்களை விசிட் விசா வழிக்குத் தள்ளிவிட்டது என்பது என் அபிப்பிராயம். நர்ஸ்களுக்கு வேறு கணக்கு. 2015-க்குப் பிறகு அந்த 18 நாடுகளுக்கு நர்ஸ் வேலைக்கு அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக முடியும். கேரளாவில் நோர்க்கா ரூட்ஸ், ஒடெபெக், தமிழ்நாட்டில் சென்னையிலுள்ள ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன். கேரளப் பக்கத்துத் தனியார் ஏஜென்ட் ஒருவர் "குவைத்துக்கு ஸ்டாஃப் நர்ஸ், நேரடி நியமனம்" என்று சொல்லி லட்சங்களைக் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

நோர்க்கா என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நம் ஆட்கள் ஏதாவது ஆனால் நேராகத் திருவனந்தபுரம் நோர்க்கா அலுவலகத்துக்குப் போய் நிற்கிறார்கள். பக்கத்தில் இருக்கிறது, மலையாளமும் பேசிக்கொள்ளலாம். ஆனால் அது கேரளக்காரர்களுக்கான துறை. ஆதாரில் கன்னியாகுமரி மாவட்டம் என்று இருந்தால் நாம் போக வேண்டியது சென்னையிலுள்ள அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறைக்கு. 1956 நவம்பர் 1-ம் தேதி விளவங்கோடும் கல்குளமும் மெட்ராஸ் மாநிலத்தோடு சேர்ந்தபோது மகிழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் நாம், ஆனால் வெளிநாட்டில் ஒருத்தன் மாட்டிக்கொண்டால் அந்த எல்லைக்கோடு கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

எல்லைக்கோடு கல்யாணத்திலும் வேலை காட்டும். பாறசாலைப் பக்கம் மண்டபம் பெரிதாக இருக்கிறது, பார்க்கிங் இருக்கிறது என்று அங்கே கல்யாணத்தை வைத்துவிடுகிறோம். கல்யாணம் கேரளாவில் நடந்ததால் பதிவும் கேரளாவில்தான், அங்கே பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ பதிய வேண்டும். இந்தப் பக்கம் நடந்திருந்தால் 2009-ம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் 90 நாளுக்குள். சர்ச் கொடுக்கிற சர்ட்டிஃபிகேட்டே போதும் என்று நினைக்கிற கிறிஸ்தவக் குடும்பங்கள் இங்கே ஏராளம். 1872-ம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் பழைய திருவிதாங்கூர்-கொச்சிப் பகுதிக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டத்தின் முதல் பிரிவிலேயே எழுதியிருக்கிறது, நம் விளவங்கோடும் அந்தப் பழைய பகுதிதான். எனவே ஃபேமிலி விசாவுக்குப் போகும்போது சர்ச் சீட்டை மட்டும் நம்பாமல் அரசுப் பதிவையும் கையில் வைத்திருங்கள். அதற்கு மேல் சான்றொப்பம். சவுதி 2022 டிசம்பர் முதல் அப்போஸ்டில் முறைக்கு, அதாவது தூதரக முத்திரை இல்லாமல் ஒரே சான்றொப்பம் போதும் என்கிற முறைக்கு, வந்துவிட்டது. யுஏஇ வரவில்லை, அங்கே போகிற சர்ட்டிஃபிகேட்டுக்கு மாநில அரசு, டெல்லி வெளியுறவுத் துறை, அப்புறம் அந்தத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை வேண்டும்.

பெயர் விஷயமும் அப்படித்தான். ஞானஸ்நானச் சீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடச் சர்ட்டிஃபிகேட்டில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை சர்நேமாக ஏற்றிய பெயர். 2022 நவம்பரில் யுஏஇ ஒற்றைப் பெயர் உள்ள பாஸ்போர்ட்டில் விசிட் விசாவுக்கு ஆளை விடமாட்டோம் என்று அறிவித்தபோது தமிழ்நாட்டுக்காரர்கள் பலர் திண்டாடினார்கள், உள்பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பின்னால் தளர்த்தினார்கள். கல்யாணப் பதிவுக்குப் போகும்போதே பாஸ்போர்ட்டைக் கையில் கொண்டுபோய் அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து எழுதச் சொல்லுங்கள்.

மண்டபம் எந்தப் பக்கம் என்பதன் உண்மையான விலை, பிரிவு வரும்போதுதான் தெரியும். இந்துத் திருமணச் சட்டத்தில் 2003 திருத்தத்துக்குப் பிறகு மனைவி தான் வசிக்கிற ஊர் கோர்ட்டிலேயே மனுப் போடலாம். கிறிஸ்தவர்களுக்கான 1869-ம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்தில் அந்த வசதி இல்லை. கல்யாணம் நடந்த இடம், இல்லையென்றால் இருவரும் வசிக்கிற அல்லது கடைசியாகச் சேர்ந்து வசித்த இடம். நெய்யாற்றின்கரைப் பக்கம் தாலி கட்டி அங்கேயே குடித்தனம் நடத்திவிட்டுக் கொல்லங்கோடு அம்மா வீட்டுக்குத் திரும்பிய பெண், விவாகரத்துக்கு எல்லை தாண்டித்தான் போயாக வேண்டும். சரி, கணவர் அங்கே போட்ட வழக்கை இங்கே மாற்றலாம் என்றால், ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு சிவில் வழக்கை மாற்றும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்குத்தான், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 25-ம் பிரிவு. பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்துக்காக டெல்லியில் மனு! கைக்குழந்தையோடு ஒவ்வொரு வாய்தாவுக்கும் பார்டர் தாண்டுகிற பெண்களை நினைத்தால் சட்டம் எழுதியவர்கள் களியக்காவிளை செக்போஸ்டை ஒரு தடவை வந்து பார்த்திருக்கலாம் என்று தோன்றும்.

ஆனால் ஜீவனாம்சத்துக்கும் குடும்ப வன்முறை மனுவுக்கும் இந்தச் சிக்கல் கிடையாது. மனைவி இப்போது எங்கே இருக்கிறாளோ, தற்காலிகமாக அம்மா வீட்டில் இருந்தாலும் சரி, அங்கேயே போடலாம். வரதட்சணைக் கொடுமைப் புகாரையும், அடிபட்டு வந்து தஞ்சம் புகுந்த ஊரிலேயே கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லிவிட்டது. "நீங்க கேரளாவில போய்க் கொடுங்க" என்று ஸ்டேஷனில் சொன்னால் திரும்பி வராதீர்கள். எங்கே நடந்த குற்றமானாலும் புகாரைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 173-ம் பிரிவே இருக்கிறது.

ஜீவனாம்சத்தில் பெரிய போராட்டம் சம்பளத்தை நிரூபிப்பது. இங்கே விசிட் விசாக் கதை திரும்பி வந்து கடிக்கும். ஒப்பந்தம் இல்லாமல் போன ஆளுக்கு சம்பளச் சீட்டு எங்கிருந்து வரும்? கடல் தொழிலாளிகள் வழக்கு இன்னும் மோசம். தூத்தூர் பக்கத்து மீனவர்கள் கல்ஃபில் அரபாப்பின் (அங்குள்ள அரபு முதலாளியின்) படகில் போகும்போது பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது, பிடிக்கிற மீனில் பங்கு. 2020-ல் கொரோனா சமயத்தில் ஈரானில் சிக்கிய தமிழக மீனவர்களைக் கடற்படைக் கப்பல் ஐஎன்எஸ் ஜலாஷ்வா ஜூலை 1-ம் தேதி தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து இறக்கியது பலருக்கு ஞாபகம் இருக்கும். பங்குத் தொழிலில் பாக்கிக் கணக்கைக் கேட்கக் கையில் காகிதம் இருக்காது. வருமானமே இல்லை என்று கணவன் சொன்னால் மனைவியிடமும் காகிதம் இருக்காது.

அதனால் 2020 நவம்பரில் வந்த ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பை நான் அடிக்கடி பயன்படுத்துகிறேன். ஜீவனாம்ச வழக்கில் இரண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் அஃபிடவிட்டில் வெளிப்படுத்த வேண்டும், ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்கு என்றது அந்தத் தீர்ப்பு. "எனக்கு வேலை இல்லை" என்று ஒரு வரியில் முடிக்க முடியாது. மனைவி தன் பக்கம் வைத்திருக்க வேண்டியது: பணம் வந்த பேங்க் பாஸ்புக், எக்ஸ்சேஞ்ச் ரசீதின் போட்டோ, அவர் அனுப்பிய வாட்ஸ்அப். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் பிரிண்ட் எடுத்துவிட்டுப் போனை விற்றுவிடாதீர்கள். மின்னணு ஆதாரத்துக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ம் பிரிவில் சான்றிதழ் கொடுக்க வேண்டும், அந்தப் போன் கையில் இருந்தால்தான் வேலை சுலபம். அவர் கோர்ட்டுக்கு வராமலே காலம் கடத்தினால், கோர்ட் சம்மனோ வாரண்டோ பிறப்பித்திருப்பதைப் பாஸ்போர்ட் அதிகாரிக்குத் தெரியப்படுத்தலாம். பாஸ்போர்ட்டை முடக்க 10-ம் பிரிவில் அது ஒரு காரணம். வாரண்ட் என்ற சொல்லுக்கு அசையாதவர்கள் பாஸ்போர்ட் என்றதும் வக்கீலை வைக்கிறார்கள்.

அதே சட்டத்தின் 17-ம் பிரிவு, பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து என்கிறது. மருமகளின் பாஸ்போர்ட்டை மாமியார் பீரோவில் பூட்டி வைப்பதற்கோ, ஏஜென்ட் "மீதிப் பணம் தந்தால் தருகிறேன்" என்று பிடித்து வைப்பதற்கோ, அரபாப் வாங்கி வைத்துக்கொள்வதற்கோ யாருக்கும் உரிமை இல்லை. ஸ்டேஷனில் எழுதிக்கொடுங்கள், பாஸ்போர்ட் அலுவலகத்துக்கும் நகல் அனுப்புங்கள்.

"மேடம், அங்கேயே டைவர்ஸ் ஆயிட்டுதாம், பிடிஎஃப் அனுப்பியிருக்காரு" என்று வருகிறவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். யுஏஇயில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கென்று தனிக் குடும்பச் சட்டம் 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது, அங்கே காரணம் சொல்லாமலே விவாகரத்து கேட்கலாம். அந்தத் தீர்ப்பு இங்கே அப்படியே செல்லுமா என்பது வேறு கேள்வி. திருப்பதியில் கல்யாணம் செய்துவிட்டு அமெரிக்காவின் மிசூரியில் போய் விவாகரத்து வாங்கிய ஒருவர் வழக்கில் 1991-லேயே உச்ச நீதிமன்றம் விதியைச் சொல்லிவிட்டது: நம் திருமணச் சட்டத்தில் இல்லாத காரணத்துக்காக, மனைவி தானாக அந்தக் கோர்ட்டுக்கு உட்படாத நிலையில் கொடுத்த தீர்ப்பை இங்கே ஏற்க வேண்டியதில்லை. ஆகவே பிடிஎஃப் வந்ததும் அழுதுகொண்டு தாலியைக் கழற்ற வேண்டாம். "சரி, சம்மதம்" என்று பதிலும் அனுப்ப வேண்டாம், அங்கிருந்து வரும் ஆன்லைன் விசாரணை லிங்கில் வக்கீலைக் கேட்காமல் போய் உட்காரவும் வேண்டாம். முஸ்லிம் சகோதரிகளுக்கு ஒரு வரி: வாட்ஸ்அப்பில் வருகிற முத்தலாக் 2019 சட்டப்படி செல்லாது, சொன்னவருக்கு 3 ஆண்டு வரை சிறை.

பணத் தீர்ப்பு மட்டும் வேறு. 2020 ஜனவரியிலிருந்து யுஏஇ சிவில் கோர்ட்டுகளின் பணத் தீர்ப்பை நம் மாவட்டக் கோர்ட்டிலேயே நிறைவேற்றக் கேட்கலாம். அங்கே லோன் வாங்கிவிட்டு ஊருக்கு ஓடிவந்தால் தப்பித்தோம் என்ற காலம் முடிந்தது. மாப்பிள்ளை பெயரில் இருக்கிற வீட்டைக் காட்டிப் பெண் கேட்டு வந்தால், அங்கே லோன் பாக்கி எவ்வளவு என்று விசாரிப்பதில் தப்பே இல்லை.

குழந்தையின் பாஸ்போர்ட்டுக்கு அப்பாவின் சம்மதம் கிடைக்கவில்லை என்றால் அதோடு முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஒரு பெற்றோரின் சம்மதம் இல்லாதபோது மற்றவர் கொடுக்க வேண்டிய உறுதிமொழிக்கு அனெக்ஷர் சி என்று தனிப் படிவமே உண்டு. உண்மை நிலையை மறைக்காமல் எழுதினால் போதும். கணவன் கையெழுத்தைத் தானே போட்டுவிட்டு வருகிற பெண்களுக்குத்தான் என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

இதையெல்லாம் வழக்காக வரும்போது சொல்வதை விட முன்னாலேயே சொல்லலாமே என்றுதான் வட்டச் சட்டப் பணிகள் குழுவின் முகாம்களுக்குப் போக ஆரம்பித்தேன். இரண்டாம் பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில், ஜமாஅத் ஹாலில், மகளிர் குழு கூடுகிற அங்கன்வாடி முற்றத்தில். ஆண்கள் வெளியே மரத்தடியில் நின்று கேட்பார்கள், உள்ளே வரமாட்டார்கள். பெண்கள் கூட்டத்தில் வாயைத் திறக்க மாட்டார்கள், முடிந்து செருப்பு மாட்டும்போது ஒவ்வொருத்தராகப் பக்கத்தில் வந்து "எனக்கில்ல மேடம், எங்க பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு" என்று ஆரம்பிப்பார்கள். பங்குத்தந்தை ஒருவர் சர்ச்சில் கல்யாண ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்கும் முன் மாப்பிள்ளையின் விசா நகலையும் பெண் வீட்டாருக்குக் காட்டச் சொல்லத் தொடங்கினார். சில வீடுகளில் அதனால் கல்யாணம் தள்ளிப்போனது, அவர்மேல் கோபமும் உண்டு. எனக்கு அவரைப் பிடிக்கும்.

பணம் இல்லாமல் வக்கீல் கிடைக்கமாட்டார் என்று பயப்படுகிறவர்களுக்கு: 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ம் பிரிவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. போன் எண் 15100. கோர்ட் வளாகத்திலேயே அலுவலகம் இருக்கிறது. வரும்போது வழக்கமாக ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள், அதோடு பாஸ்புக், விசா நகல், ஏஜென்ட் தந்த சீட்டு, அடகுச் சீட்டு, ஏல நோட்டீஸ் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள், கடன் அடைந்த சீட்டானாலும். எது தேவை, எது வேண்டாம் என்று பிரிப்பது எங்கள் வேலை.